முட்டுவலிக்கு மூலிகைச் சூடு – எவ்வளவு உதவும்?

"விடியக்காலையில விரலே மடங்க மாட்டேங்குது. வெயில் வந்த பிறகுதான் கொழுந்து பறிக்க முடியுது." இறம்பொடைப் பக்கத்து லயங்களில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் இல்லை. "பனிக்குளிர்தான் காரணம்" என்று தைலத்தைத் தேய்த்துக்கொண்டு மலைக்குப் போகிறோம். ஆனால் விரல் ஓடாவிட்டால் கிலோ குறையும். கிலோ குறைந்தால் அரைப்பேர்தான். அதனால் இந்த வலியைக் கொஞ்சம் விளங்கிக்கொள்வோம்.

முட்டுவலி எல்லாம் ஒன்றல்ல. வயதாலும் பாரம் சுமப்பதாலும் முழங்கால் தேய்வது ஒரு வகை. முடக்குவாதம் வேறு. அதில் இரண்டு கைகளிலும் விரல், மணிக்கட்டு வீங்கும். காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். நோயை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவல் அணுக்களே, ஆள் தெரியாமல் சொந்த மூட்டின் உள்சவ்வைத் தாக்குவதுதான் காரணம். வீக்கத்தைக் கிளப்பும் அணுக்களும் "போதும்" என்று அடக்கும் அணுக்களும் நம் எல்லாருக்கும் உண்டு. முடக்குவாதத்தில் இந்தத் தராசு ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது.

அந்தக் காலத்தில் பாட்டிமார் மஞ்சள் கொம்பைச் சுட்டுச் சூடு போடுவார்கள். சீனாவிலும் ஜப்பானிலும் வேறொரு முறை உண்டு. அதற்கு 'மொக்ஸா' என்று பேர். மாசிப்பத்திரி இனத்து இலையைக் காயவைத்து, இடித்துப் பஞ்சாக்கி, சுருட்டுப்போல உருட்டிப் பற்றவைத்து, தோலில் படாமல் ஓர் அங்குலம் தள்ளிப் பிடிப்பார்கள். இலையின் அடிப்பக்கம் வெளுத்து, கசக்கினால் வாசம் வீசும் இந்தச் செடி நம் தேயிலை மலைகளில் களையாக முளைப்பதுதான். இலங்கையில் அக்குபங்சர் வைத்தியத்தைப் பரப்பியவர்களில் முக்கியமானவர், களுபோவிலை ஆஸ்பத்திரியில் வாத நோய் வைத்தியராக இருந்த டொக்டர் அன்டன் ஜயசூரிய (மறைவு 2005). மொக்ஸா அந்த வைத்தியத்தோடு சேர்ந்தே வருவது.

இந்தச் சூடு என்ன செய்கிறது? இரத்த ஓட்டம் கூடும், இறுகிய தசை இளகும், வலி தணியும். முடக்குவாதம் உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு மொக்ஸா கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், வீக்கத்தைத் தூண்டும் டி.என்.எஃப். போன்ற இரசாயனங்கள் குறைந்திருக்கின்றன. சாய்ந்த தராசு கொஞ்சம் நிமிர்ந்தது என்று சொல்லலாம்.

ஆனால் எலி வேறு, மனிதர் வேறு. மனிதரிடம் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. சூடு பட்டதா இல்லையா என்பது நோயாளிக்கே தெரிந்துவிடுவதால், குணம் எதனால் வந்தது என்று பிரித்தறிவதும் கஷ்டம். 2011 இல் இவற்றைத் தொகுத்துப் பார்த்த ஆய்வாளர்கள், உறுதியான முடிவு சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றார்கள். வலிக்கு ஆறுதல் கிடைக்கலாம். மூட்டு கோணிப்போவதை மொக்ஸா தடுக்கும் என்று நம்பி இருந்துவிட முடியாது.

செய்துகொள்பவர்கள் கவனிக்க:

• பழகிய வைத்தியரிடம் மட்டும் செய்துகொள்ளுங்கள். தோல் கொப்புளிக்கக் கூடாது.

• சீனி வியாதியால் கால் மரத்தவர்களும் கர்ப்பிணிகளும் டொக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

• சிவந்து கொதிக்கும் மூட்டில் சூடு வைக்காதீர்கள்.

• பூட்டிய லயக் காம்பராவில் புகை போட்டால் பிள்ளைகளுக்கும் இழுப்பு நோயாளிகளுக்கும் ஆகாது.

முடக்குவாதத்தை அடக்குவது ஆஸ்பத்திரி மருந்துதான். மெத்தோட்ரெக்சேட் குளிசை கொடுத்திருந்தால் அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. பிள்ளை பெற நினைப்பவர்கள் முன்கூட்டியே டொக்டரிடம் சொல்ல வேண்டும். இரத்தப் பரிசோதனையையும் தவற விடாதீர்கள்.

ஆறு வாரத்துக்கு மேல் விரல் வீக்கம் இருந்தால், தோட்டத்து டிஸ்பென்சரியில் துண்டு வாங்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போங்கள். ஒரு நாள் பேர் போகுமே என்று தள்ளிப்போட வேண்டாம். கோணிப்போன விரலை எந்தச் சூடும் திரும்ப நிமிர்த்தாது.