குருத்தோலையும் ஒரு மலைக்கிளியும்

ஆண்டவர் எருசலேமுக்குள் பவனியாக நுழைந்ததை நினைவுகூர்ந்து, குருத்து ஞாயிறன்று உலகெங்கும் இறைமக்கள் ஓலை ஏந்தி வருகின்றனர். பக்தி நிறைந்த இவ்வழக்கம், தென் அமெரிக்க நாடாகிய கொலம்பியாவில் ஒரு பறவையினத்தின் வாழ்வுக்கே இடையூறாயிற்று என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும்.

அப்பறவையின் பெயர் மஞ்சட்செவிக் கிளி. ஆண்டிஸ் மலைத்தொடரின் குளிர்ந்த காடுகளே அதன் உறைவிடம். ஏறத்தாழ 42 சென்டிமீட்டர் நீளமுள்ள பசுமையான உடல். முகத்தின் இருபுறமும் செவியை மூடி நிற்கும் மஞ்சள் இறகுகள். கூட்டமாகவே வாழும் இக்கிளி, மெழுகுப் பனையின் கனிகளை உண்கிறது. பட்டுப்போன மெழுகுப் பனையின் உயரமான பொந்திலே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது. பனையின்றி இக்கிளிக்கு வாழ்வில்லை.

மெழுகுப் பனையோ சுமார் 60 மீட்டர் வரை ஓங்கி வளரும். பனையினங்களுள் இதுவே மிக உயரமானது. 1801-ஆம் ஆண்டில் அம்மலைகளைக் கடந்த ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட் இதனைக் கண்டு வியந்தார். இதன் அடிமரத்தில் படியும் மெழுகைச் சுரண்டி மக்கள் மெழுகுத்திரி செய்தனர். காடுகள் மேய்ச்சல் நிலங்களானபோது, முதிர்ந்த பனைகள் தனித்து நின்றன. கன்றுகளையோ கால்நடைகள் மேய்ந்துவிட்டன. எஞ்சிய இளம் பனைகளின் குருத்துகள் குருத்து ஞாயிறுக்காக வெட்டப்பட்டன. பனைக்கு வளரும் முனை ஒன்றே. அது போனால் மரமும் மடியும். 1985-இல் இதனை நாட்டின் தேசிய மரமாக அறிவித்து, வெட்டுவதைச் சட்டம் தடை செய்தது. ஆயினும் வழக்கம் எளிதில் மாறவில்லை.

கிளிகள் அற்றே போயினவோ என்று அஞ்சியிருந்த வேளையில், 1999-இல் தொலிமா மாநிலத்தில் 81 கிளிகள் கொண்ட ஒரு கூட்டம் காணப்பட்டது. புரோஆவேஸ் என்னும் பறவைக் காப்பு நிறுவனத்தார் கிராம மக்களின் துணையோடு கூடுகளைக் காத்தனர்; பனங்கன்றுகளை நட்டனர். திருச்சபையும் உடன் நின்றது. மெழுகுப் பனையை விட்டு, வேறு செடிகளின் இலைகளை ஏந்தி வருமாறு குருக்கள் மக்களுக்கு அறிவுறுத்தினர். மக்கள் செவிகொடுத்தனர். கிளிகளின் எண்ணிக்கை ஆயிரத்தைக் கடந்தது. 2010-இல் இவ்வினம் மிகக் கடும் ஆபத்து நிலையிலிருந்து ஒரு படி மீண்டதாக அறிவிக்கப்பட்டது.

எனினும் பணி முற்றுப்பெறவில்லை. இன்று நடப்படும் கன்று வளர்ந்து முதிர்ந்து, பட்டுப் பொந்தாகிக் கிளிக்கு இல்லமாக, மனிதரின் ஆயுட்காலம் போதாது. தாம் காணப்போகாத குஞ்சுகளுக்காகவே அம்மலைவாழ் மக்கள் இன்று கன்று நடுகின்றனர். ஏந்தும் இலை மாறியதால் அவர்களுடைய பக்தி குறைந்துவிடவில்லை. படைத்தவரின் கைவேலையைப் பேணும் கடமையும் அதனோடு சேர்ந்துகொண்டது.