குக்கரில் வெயிட் போடும் முன்: காற்று வெளியேறட்டும்

கோலா சாவா வட்டாரத் தோட்ட மக்களுக்குச் செம்பனை ஆலை புதிதல்ல. அங்கே குலைகளை நீராவியில் வேகவைக்கும் கலனிலிருந்து காற்றை வெளியேற்றிவிடுவார்கள். காற்று தங்கினால், அழுத்தமானி சரியாகக் காட்டினாலும் சூடு போதாது; குலை சரியாக வேகாது.

வெயிட் போடும் வீட்டுக் குக்கருக்கும் இதே விதிதான். மூடியதுமே வெயிட் போடாதீர்கள். துளையிலிருந்து நீராவி சீராக வந்த பிறகு போடுங்கள். அப்போதுதான் உள்ளே சூடு சுமார் 120 பாகை செல்சியஸை எட்டும். கொண்டைக்கடலையும் பூப்போல வேகும்.

வெயிட் தொலைந்தால் வேறு குக்கருடையதை மாட்டாதீர்கள். எடை கூடினால் அழுத்தமும் கூடும். அதே நிறுவனம், அதே மாடலுக்கு உரியதையே வாங்குங்கள். பாதுகாப்பு வால்வுக்கும் அப்படியே.

ஒவ்வொரு முறையும் மூடித் துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பருப்பு நுரை அடைத்துக்கொண்டால் ஆவிக்கு வழியில்லை, குக்கர் வெடிக்கக்கூடும்.