ஒரு வண்டிக் குப்பையில் எவ்வளவு சத்து?

வாடிப்பட்டி, மேலூர் பக்கம் கோடையில் போனால், அறுவடை முடிந்த வயலில் மாட்டுக் குப்பை சின்னச் சின்னக் குவியலாகக் கிடப்பதைப் பார்த்திருப்பீங்க. கால்வாயில் தண்ணீர் திறக்கும் வரை வாரக்கணக்கில் அது வெயிலில் அப்படியே இருக்கும். காசு கொடுத்து வாங்கி, வண்டி வைத்து அடித்த குப்பை. அதிலுள்ள தழைச்சத்தில் ஒரு பகுதி அமோனியா வாயுவாகக் காற்றோடு போய்க்கொண்டிருக்கும்.

எவ்வளவு நஷ்டம் என்று தெரிய, முதலில் அதில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். நன்றாக மக்கிய தொழு உரத்தில் தழைச்சத்து 0.5, மணிச்சத்து 0.2, சாம்பல்சத்து 0.5 சதவீதம் என்பது பொதுவான கணக்கு. நெல்லுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை ஹெக்டேருக்கு 12.5 டன், அதாவது ஏக்கருக்கு 5 டன். அதில் 25 கிலோ தழைச்சத்து இருக்கிறது. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் இருப்பதே 20.7 கிலோதான்.

‘அப்போ யூரியாவே வேண்டாமே’ என்று அவசரப்படாதீங்க. அந்த 25 கிலோவில் முதல் பயிருக்குக் கிடைப்பது சுமார் 30 சதவீதம், ஏழரை கிலோ. மணிச்சத்தும் சாம்பல்சத்தும் இதைவிட அதிகமாகக் கிடைக்கும். மீதி மெதுவாக அடுத்தடுத்த பயிருக்குப் போகும். "ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறுவருஷம்" என்று நம்ம பெரியவங்க சொல்வது சும்மா இல்லை. தொழு உரத்தை யூரியாவுக்குப் போட்டியாக வைத்துப் பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அதன் பெரிய வேலை மண்ணில் கரிமச்சத்தைக் கூட்டுவதும், ஈரத்தைப் பிடித்து வைப்பதும். திருமங்கலம், பேரையூர் பக்கத்து மானாவாரிச் சோளமும் கம்பும் மழை தள்ளிப்போகும் நாட்களில் தாக்குப்பிடிக்க அந்த ஈரம்தான் வேண்டும்.

விளையும் தானியத்தின் சத்து மாறுமா? இதை நம்ம மாநிலத்திலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கோயம்புத்தூரில் 1909-இல் நிரந்தர உரப் பரிசோதனை வயல்கள் தொடங்கப்பட்டன. எரு மட்டும், ரசாயன உரம் மட்டும், எதுவுமே இல்லாமல் என்று தனித்தனிப் பாத்திகள். குன்னூரில் ஊட்டச்சத்து ஆராய்ச்சி செய்த ராபர்ட் மெக்கரிசனும், கோவை வேளாண் வேதியியலாளர் பி. விஸ்வநாத்தும், வெவ்வேறு உரமிட்டு வளர்த்த சிறுதானியத்தையும் கோதுமையையும் விலங்குகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டார்கள். எருவில் விளைந்த தானியம் ஊட்டத்தில் மேலாக இருந்தது என்று 1926-இல் வெளியிட்டார்கள். ஒரே ஆய்வை வைத்து முடிவு கட்ட முடியாதுதான். ஆனாலும் நூறு வருஷத்துக்கு முன்பே சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்!

இனி உங்க தொழுவத்துக்கு வருவோம். சாணத்தை அள்ளுகிறோம், கோமியத்தை விட்டுவிடுகிறோம். தழைச்சத்து விகிதம் கோமியத்தில்தான் அதிகம். மாட்டுக்குக் கீழே வைக்கோல், சோளத்தட்டைத் துண்டுகளைப் பரப்பி, நனைந்ததும் சாணத்தோடு சேர்த்துக் குழியில் போடுங்க. ஒரு மீட்டர் ஆழக் குழி போதும். நிரம்பி, தரைக்கு மேல் ஒன்றரை அடி எழுந்ததும் சாணமும் மண்ணும் கரைத்து மெழுகிவிடுங்க. நாலைந்து மாதத்தில் மக்கிவிடும். பச்சைச் சாணத்தை அப்படியே வயலில் போட்டால் களை விதையும் கரையானும் கூடவே வரும்.

மானாவாரிக்காரர்களுக்கு 5 டன் கிடைப்பது கஷ்டம். அவர்களுக்கு ஊட்டமேற்றிய தொழு உரம் இருக்கிறது. ஏக்கருக்கு 300 கிலோ தொழு உரத்தோடு, பயிருக்குப் பரிந்துரைத்த சூப்பர் பாஸ்பேட்டைக் கலந்து, நிழலில் ஒரு மாதம் மூடி வைத்து விதைப்பின்போது போடலாம்.

எவ்வளவு ரசாயன உரத்தைக் குறைக்கலாம் என்பது உங்க மண்ணைப் பொறுத்தது. ‘தமிழ் மண்வளம்’ இணையதளத்தில் கிராமமும் சர்வே எண்ணும் கொடுத்துப் பாருங்க. உங்க ஊருக்கு உதவி வேளாண்மை அலுவலர் வரும் நாள் உழவன் செயலியில் இருக்கும். மண் மாதிரியை எரு போடுவதற்கு முன்பே எடுத்துவிடுங்க. எரு அடிக்கும் அன்றைக்கே பரப்பி, அன்றைக்கே உழுதுவிடுங்க.