வழிகாட்டப் போகும் குட்டிக்கு வாசல் திறக்குமா?

தோபித்து நூலை வாசித்தவர்களுக்கு ஒரு நாய் நினைவிருக்கும். பார்வையிழந்த தோபித்தின் மகன் தோபியா, வானதூதர் இரபேலுடன் நெடும்பயணம் புறப்பட்டபோது அவர்களுடைய நாயும் உடன் சென்றது; திரும்பும்போதும் கூடவே வந்தது. அதை யாரும் வாசலில் தடுத்ததாக நூல் கூறவில்லை.

போரில் கண்ணிழந்த வீரர்களுக்கு வழிகாட்ட நாய்களைப் பழக்கும் பள்ளி, 1916-இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் தொடங்கிற்று. ஆயினும் இந்நாய்களின் முதற்பள்ளி இன்று வீடேயாகும். ஏறத்தாழ எட்டு வாரக் குட்டியை ஒரு குடும்பம் ஏற்று, ஓராண்டுக்கு மேல் வளர்த்துப் பயிற்சியாளரிடம் திருப்பித் தருகிறது. பேருந்தின் இரைச்சல், சந்தையின் நெரிசல், மாடிப்படி, மின்தூக்கி, உணவகத்தில் மேசைக்கடியில் அசையாது படுத்திருத்தல் ஆகிய யாவும் இளமையிலேயே பழக வேண்டியவை. வளர்ந்தபின் முதன்முதலாகக் கூட்டத்தைக் காணும் நாய் மிரளும். மிரளும் நாயை நம்பிப் பார்வையற்ற ஒருவர் எங்ஙனம் சாலையைக் கடப்பார்?

சட்டமோ பெரும்பாலும் பயிற்சி முடித்த நாயையே காண்கிறது. அமெரிக்காவின் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் பயிலும் குட்டியைச் சேர்க்கவில்லை. பல மாநிலங்கள் தனிச் சட்டத்தால் அக்குறையை நிரப்பின. பிரிட்டனில் வளர்ப்போர் இன்றும் கடைக்காரரின் நல்லெண்ணத்தையே நம்பியிருக்கின்றனர்.

நம் நாட்டில் வழிகாட்டி நாயே அரிது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தடையற்ற நுழைவையும் தக்க வசதிகளையும் வலியுறுத்துகிறது. நாயைப் பற்றித் தனியே எதுவும் கூறவில்லை. நமது செங்கல்பட்டு மாவட்டத்தையே பாருங்கள். முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. அதே கடற்கரைச் சாலையில் தெற்கே சென்றால் மாமல்லபுரம். அங்குள்ள பாறைச் சிற்பத்தில் யானைகளும் மான்களும், தவம் செய்யும் பூனையுங்கூட உண்டு. உயிருள்ள நாய்க்கு மட்டும் இடமில்லை! பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களுக்கான 1959-ஆம் ஆண்டு விதிகள், பராமரிப்புப் பணிக்கன்றி எந்த விலங்கையும் உள்ளே கொணரலாகாது என்கின்றன. பழஞ்சிற்பங்களைக் காக்க எழுந்த நல்ல விதிதான். பார்வையற்றவரின் நாயை எழுதியவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. பயிலும் குட்டியையோ கேட்கவே வேண்டாம்.

தெருநாய்க் கடிக்கும் வெறிநோய்க்கும் அஞ்சி வாழும் நம் மக்கள் நாயைக் கண்டு ஒதுங்குவதைக் குறை கூறுவதற்கில்லை. ஆகவே உரிமை கேட்பவருக்குக் கடமையும் உண்டு: தடுப்பூசிச் சான்று, அடையாள மேலாடை, கையில் இறுகப் பிடித்த வார், அடங்காத குட்டியை உடனே வெளியே கொண்டுசெல்லும் நேர்மை. இவற்றை வகுத்து, வளர்க்கும் குடும்பத்துக்கு அடையாள அட்டை வழங்கும் விதி ஒன்று தேவை. இல்லையேல் வாயிற்காவலரோடு நாள்தோறும் வாதாட எந்தக் குடும்பம் முன்வரும்?

விதி பிறக்கும்வரை, பேருந்துக்கும் கடைக்கும் நாம் பொறுப்பல்ல. பங்கு மண்டபத்தின் வாசலோ நம்முடையது. அங்கே ஒரு குட்டி ஓரமாகப் படுத்திருந்து கூட்டத்தின் ஓசையைப் பழகுவதற்குப் பங்குத்தந்தையும் பங்குப் பேரவையும் இசைந்தால் போதும்.