திங்களும் நிலவும் பிறையும்

திங்கள் என்றால் யாது என்று விசுவமடுவிலே பள்ளி மாணவன் ஒருவனை வினவின், சந்திரன் என்று நூலிற் படித்தபடியே விடையிறுப்பான். விடுமுறை கழிந்து பள்ளி எப்பொழுது தொடங்கும் என்று கேட்பின், 'திங்கள்' என்று அதே சொல்லை வேறொரு பொருளிற் கூறுவான். அவன் வீட்டுக்கு வந்த திருமண அழைப்பிதழிலே 'வைகாசித் திங்கள் 12 ஆம் நாள்' என்று காணப்படின், அஃது இன்னுமொரு பொருள். விண்ணிலே ஒன்றாய் நிற்பது மண்ணிலே மூன்றாய் வழங்குகின்றது.

மறுபுறம், அவ்வொன்றுக்கே தமிழிற் பெயர் பல. திங்கள், மதி, நிலா, பிறை, அம்புலி, சந்திரன், சோமன், இந்து எனப் பிள்ளைகள் அவற்றை நெட்டுருச் செய்வது பழைய வழக்கம். பன்னிரண்டு தொகுதிகளையுடைய சூடாமணி நிகண்டு ஒரு பொருளின் பல பெயர்களைப் பல தொகுதிகளிலும், ஒரு சொல்லின் பல பொருள்களைப் பதினோராந் தொகுதியிலும் வகுத்து வைத்தது. மனனம் செய்வார்க்கு அது பெருந்துணை. எனினும், நிகண்டிலே அடுத்தடுத்து நிற்கும் பெயர்களெல்லாம் ஒன்றுக்கொன்று ஈடானவை என்று மாணவர் எண்ணி விடுகின்றனர். அஃது அற்றன்று, ஒவ்வொரு சொல்லும் தனக்கெனத் தனித்தொழில் உடையது.

முதலில் திங்களை நோக்குவோம். தொல்காப்பியத்திலேயே இச்சொல் மாதத்தை உணர்த்த வருகின்றது. இகர, ஐகார ஈற்று மாதப் பெயர்கள் 'இக்கு' என்னும் சாரியை பெறும் என்று ஆசிரியர் விதிக்க, 'ஆடிக்குக் கொண்டான்', 'சித்திரைக்குக் கொண்டான்' என்று உரையாசிரியர் எடுத்துக்காட்டுவர். சந்திரன் ஒருமுறை தேய்ந்து வளரும் காலம் 29 நாள் 12 மணி 44 நிமிடம். அவ்வட்டத்தை எண்ணியே மக்கள் மாதத்தைக் கண்டனர். வடமொழியிலே 'மாஸ்' என்பது சந்திரனையும் மாதத்தையும் குறிக்கும். ஆங்கிலத்திலே மூன், மந்த் என்பன ஓரினச் சொற்கள். ஆயினும் பன்னிரு வட்டம் கூடினால் 354 நாளே ஆகும். ஞாயிற்றின் ஆண்டுக்குப் பதினொரு நாள் குறையும். ஆதலின் நாம் இன்று கொள்ளும் சித்திரை முதலிய மாதங்கள் ஞாயிறு இராசிகளிற் புகுவதைக் கொண்டு அமைந்தவை. கணக்கு ஞாயிற்றினுடையதாக, பெயர் மட்டும் திங்களுடையதாக நிற்பது வியப்பன்றோ! மாதங்களின் பெயர்களும் அத்தகையனவே. பூரணைச் சந்திரன் சித்திரை மீனை அடுத்து நிற்பது சித்திரை. விசாகத்தை அடுத்து நிற்பது வைகாசி. நாம் 'புரட்டாதி' என்று மாதத்தைச் சொல்லும்போது விண்மீனின் பெயரைச் சிதையாமலே சொல்கின்றோம். தமிழகத்தார் அதனைப் 'புரட்டாசி' ஆக்கினர். ஈழத்திலே தை, மாசி என்னும் பெயர்கள் ஆங்கில மாதங்களாகிய சனவரி, பெப்ரவரிக்கும் வழங்கி வருவது வேறொரு சிக்கல். பழைய கடிதங்களிலே 'தை 1' என்றிருப்பது எந்நாள் என்று துணிய முடியாது இடர்ப்பட்டோர் பலர்.

திங்களின் மூன்று பொருளும் ஓரிடத்திற் கூடுவதைக் காண விழைவோர் வற்றாப்பளைக்குச் செல்க. கண்ணகியம்மன் கோயிற் பொங்கல் வைகாசித் திங்களிலே, திங்கள் நிறையும் காலத்தை ஒட்டி வரும் திங்கட்கிழமையன்று நிகழ்கின்றது. முந்திய திங்கட்கிழமை முல்லைத்தீவுக் கடலிலே நீரெடுத்து, அந்நீராலேயே முள்ளியவளைக் காட்டாவிநாயகர் கோயிலிலே விளக்கேற்றி ஏழு நாள் எரிய விடுவர். பரந்தன்–முல்லைத்தீவு வீதிவழியே விசுவமடுவிலிருந்தும் அடியார்கள் அங்குச் செல்வர். அக்கண்ணகியின் கதையாகிய சிலப்பதிகாரம் தன் மங்கல வாழ்த்திலே கடவுளரை முன் வைக்காது, ஞாயிற்றையும் மழையையும் முந்தித் திங்களையே முதலிற் போற்றுகின்றது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

மதி என்பது இன்னும் நுட்பமானது. மதித்தல் என்பதற்கு அளவிடுதல் என்னும் பொருளும் உண்டு. காலத்தை அளப்பதனால் மதி ஆயிற்று என்பார் உளர். அறிவைக் குறிக்கும் மதி வடசொல். இவ்விரண்டும் எழுத்தால் ஒன்றாயினமையின், முகத்தை மதி என்றும் அறிவை மதி என்றும் புலவர் சிலேடை பாட வாய்ப்பாயிற்று. இவற்றின் வேறாய், சந்திரனோடும் அறிவோடும் சிறிதும் தொடர்பற்ற ஒரு மதியும் உண்டு. தொல்காப்பியர் கூறும் முன்னிலை அசைச்சொல் ஆறனுள் மதி ஒன்று. 'சென்மதி' என்பது செல்வாயாக என்னும் அளவிற்றே. பண்டைச் செய்யுளைப் படிக்கும் மாணவர் அதிலே நிலவைத் தேடி அலைவதை யாம் கண்டதுண்டு.

இந்து என்னும் சொல் நம் கல்லூரியின் பெயர்ப்பலகையிலேயே உள்ளது. சந்திரனைக் குறிக்கும் இந்து வேறு. சமயத்தைக் குறிக்கும் இந்து வேறு. பின்னையது சிந்து என்னும் ஆற்றுப்பெயர் பாரசீகர் நாவிலே ஹகரம் பெற்றுத் திரிந்தது. வடமொழி எழுத்திலே இரண்டும் மயங்கா. தமிழிலே ஹகரம் நீங்கவே இரண்டும் ஒருருவாயின. இந்துக் கல்லூரியைச் 'சந்திரக் கல்லூரி' என்று பொருள் கொள்வாரும் இலக்கணப் பிழை செய்தவர் ஆகார்!

அம்புலி குழந்தைக்கு உரியது. பிள்ளைத்தமிழின் ஏழாம் பருவம் அம்புலிப் பருவம். சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நான்கு வழியாலும் சந்திரனைப் புலவன் விளையாட அழைப்பான். இவ்விடத்திலே மதியையோ சோமனையோ அமைத்தாற் குழந்தை திரும்பிப் பாராது.

நிலா, நிலவு என்பன விண்ணில் உள்ள பொருளையும் அதன் ஒளியையும் ஒருங்கே சுட்டும். வன்னியிலே நிலாக் காலம் என்றால் இரவிலும் வயற்காவல் எளிதாகும் காலம். இருட்டுக் காலம் என்றால் யானை அருகே வரும்வரை கண்ணுக்குப் புலப்படாத காலம். கடற்றொழிலாளர்க்கு இது மாறி நிற்கும். நிலவொளியில் மீன் வலையைக் கண்டு விலகுமாதலின் இருட்டே அவர்க்கு வேண்டியது. இனி, 1610 ஆம் ஆண்டு கலிலியோ வியாழனைச் சூழ்வரும் நான்கு துணைக்கோள்களைக் கண்டபின், ஒன்றாய் இருந்தது பலவாயிற்று. 'வியாழனின் நிலவுகள்' என்று நாம் இயல்பாக எழுதுகின்றோம். 'வியாழனின் திங்கள்கள்' என்றால் நகைப்பர். அறிவியலுக்கு வேண்டிய பன்மையைத் தாங்கியது நிலவு ஒன்றே.

பிறை, பிறத்தல் என்னும் அடியிற் பிறந்தது என்பர் சிலர். அவ்வாறாயின் வளரும் கீற்றே பிறை ஆதல் வேண்டும்; ஆயினும் தேய்பிறை என்றும் வழங்குகின்றோம். முசுலிம் மக்களிடையே இச்சொல் பெற்ற வளர்ச்சி போற்றத்தக்கது. தலைப்பிறை கண்டே அவர்க்கு மாதம் பிறக்கும். அதன்பின் வரும் ஒவ்வொரு நாளும் பிறையே. 'ரமழான் பிறை 17' என்பர். பதினான்காம் பிறையிலே வானத்தில் நிற்பது முழுவட்டம்! வடிவப் பெயர் நாட்பெயராய் மாறியமைக்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

முழுமதி நாளைப் பறுவம் என்றும் பூரணை என்றும் நாம் கூற, அரசு நாட்காட்டி போயா என்று கூறும். 1966 முதல் 1971 வரை இலங்கையிலே சனி, ஞாயிறு விடுமுறைகள் நீக்கப்பட்டு, சந்திரனின் நாற்கூறுகளைப் பின்பற்றிய போயா நாள்களே வார விடுமுறை ஆயின. வட்டத்தின் நாற்கூற்றில் ஒன்று ஏழு நாளினும் சிறிது மிகுமாதலின், வாரம் ஒருகால் ஏழு நாளும் ஒருகால் எட்டு நாளும் ஆயிற்று. ஞாயிறன்று பிள்ளைகள் பள்ளி சென்றதும் உண்டு.

சந்திரனை நாள்தோறும் எண்ணும் கணக்குத் திதி. நம் வீடுகளிலே இன்றும் திவசம் திகதியால் அன்று, மாதமும் பக்கமும் திதியும் கொண்டே குறிக்கப்படும். தந்தையை இழந்தோர் ஆடி அமாவாசையிலும் தாயை இழந்தோர் சித்திராப் பூரணையிலும் விரதம் காப்பதும் அக்கணக்கே. 2009 ஆம் ஆண்டு சனவரி இறுதியிலே விசுவமடு மக்கள் ஊர் விட்டுக் கிழக்கு நோக்கிப் பெயர்ந்தனர். அம்மாதம் 26 ஆம் நாள் தை அமாவாசை, கிழமையும் திங்கள், பிற்பகலிலே சூரிய கிரகணமும் நிகழ்ந்தது. திங்கட்கிழமையிலே திங்கள் மறைந்ததோடு ஞாயிறும் குறைந்த அந்நாளை நினைவில் வைத்திருக்க எவர்க்கும் ஓய்வில்லை. திகதியைக் குறித்த நாட்காட்டிகள் வீட்டுச் சுவர்களிலேயே தங்கிவிட்டன.

எம் அப்பாச்சி அவ்வழியிலே, ஒரு மர நிழலில், முதுமையாலும் களைப்பாலும் காலமானார். மீண்டு வந்து திவசம் செய்ய முற்பட்டபோது அது 23 ஆம் திகதியோ 25 ஆம் திகதியோ என்று வீட்டில் எவரும் துணிந்து சொல்ல இயலவில்லை. குருக்கள் திகதியைக் கேட்கவில்லை.

"அண்டைக்கு நிலவு இருந்ததோ அம்மா?" என்றார்.

அம்மா சிறிது நேரம் பேசாதிருந்தார். "இரா முழுக்க இருட்டுத்தான் ஐயா. மாமி மூச்சு விட்ட நேரம், விடியப்புறம், கிழக்கை மெல்லிசாய் ஒரு பிறை எழும்பினது. அடுத்த நாள் விடியவும் பார்த்தனான், காணயில்லை" என்றார்.

குருக்கள் பழைய பஞ்சாங்கத்தை விரித்து, அமாவாசையிலிருந்து விரலால் பின்னோக்கி எண்ணி, 24 ஆம் திகதியிலே நிறுத்தினார். பின்பு சிறு தாள் ஒன்றிலே 'தை, அபரபக்கத் திரயோதசி' என்று எழுதி அம்மாவிடம் கொடுத்தார்.