கப்பலா? விமானமா? கணக்கைக் கேட்போம்!

கோட்டூர்புரத்துப் பாலத்தின் கீழே ஓடும் அடையாறு, மேற்கே மீனம்பாக்கம் விமான நிலையத்தைத் தொட்டு வருகிறது. கிழக்கே பட்டினப்பாக்கத்தருகே கடலில் கலக்கிறது. வான்வழிக்கும் கடல்வழிக்கும் நடுவே வாழ்கிறார்கள் இக்கரை மக்கள். இரண்டில் எது உலகுக்கு அதிகக் கேடு என்று கேட்க அவர்களுக்கு உரிமை இல்லையா?

சரக்கைப் பொறுத்தவரை வழக்கே இல்லை. ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் சுமக்கப் பெருங்கப்பல் கக்கும் கரியமில வாயு சுமார் 10 முதல் 20 கிராம். விமானமோ 500 கிராமுக்கு மேல்! உலக வாணிகச் சரக்கில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கப்பல்தான் சுமக்கிறது.

மனிதர் பயணம்? இங்கேதான் சூட்சுமம். 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் நினைவிருக்கிறதா? சென்னையிலும் நாகையிலும் ஏறிய நம் தொழிலாளர், தட்டிலே பாய் விரித்துப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். கூட்டம் கூடினால் தலைக்கு விழும் புகை குறையும். வண்டியின்றிப் பயணக் கப்பலில் ஏறுபவரின் பங்கு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 20 கிராம், குறுந்தூர விமானத்தில் 150 கிராம் அளவு என்கிறது பிரிட்டன் அரசின் கணக்கு.

உடனே கப்பலுக்கு மாலை சூட்டிவிடாதீர்! நீச்சல் குளமும் நாடக அரங்கும் சுமந்து மிதக்கும் உல்லாசக் கப்பல், ஆளுக்கு ஆள் கணக்கிட்டால் விமானத்தையே விஞ்சிப் புகை கக்கும். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே அத்தகைய கப்பல் புறப்பட்டது. கடலிலே போவதால் மட்டும் கறை நீங்கிவிடாது. எத்தனை பேரை, எவ்வளவு ஆடம்பரத்தோடு, எத்தனை வேகத்தில் சுமக்கிறது என்பதே கணக்கு.

அந்தக் கணக்கைத் தீர்ப்பவர் யார்? 2015 டிசம்பரில் அடையாறு பொங்கியது. விமான நிலையம் மூடியது. பயணிகளுக்கு அரக்கோணத்துக் கடற்படைத் தளம் திறந்தது. கோட்டூர்புரத்துக் குடியிருப்பில் கழுத்தளவு கவலையோடு நின்றவனுக்கு எந்தத் தளம் திறந்தது? காற்று சூடேறச் சூடேற அது சுமக்கும் நீரும் கூடும், பெருமழையும் பெருகும் என்கிறது அறிவியல்.

2017 ஜனவரி 28-இல் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதின. கொட்டிய எண்ணெயை வாளியால் அள்ளியவர்கள் யார்? கரையிலே நின்ற தொழிலாளரும் மாணவரும் மீனவரும்! மீன் வாங்க ஆளின்றி வலை காய்ந்தது மீனவன் வீட்டில்.

பயணம் போனவன் ஒருவன். பழி சுமப்பவன் மற்றொருவன்!

ஆகவே கேட்போம்: பலரைச் சுமக்கும் எளிய கப்பல்கள் பெருகட்டும். அவசரமில்லாச் சரக்கு வானேற வேண்டாம். எண்ணெய் கொட்டினால் கப்பல் முதலாளி கரையைக் கழுவட்டும், மீனவனின் கூலியையும் கொடுக்கட்டும். பயணச்சீட்டின் விலையைப் பயணியே தரட்டும். பயணமே போகாத பாட்டாளியின் குடிசையில் வந்து வசூலிக்க வேண்டாம்!