பூட்டிய வீட்டுக்கு ஓர் ஒலிக்காவல்

பொங்கலையும் தீபாவளியையும் ஒட்டிய நாட்களில், பெங்களூரிலிருந்து ஓசூர் வழியாகத் தெற்கே செல்லும் பேருந்துகளில் இடம் கிடைப்பது அரிது. அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் ஒயிட்ஃபீல்டிலும் குடியிருக்கும் நம்மவர் பலர் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் புறப்படுகின்ற காலம் அது. சொந்த ஊரிலாவது எதிர்வீட்டு அத்தை ஒரு கண் வைத்திருப்பார். இங்கோ பல வீடுகளுக்குப் பூட்டு ஒன்றே காவல். ஆகவே, கம்பியில்லாத் திருட்டு அலாரத்தைப் பலரும் நாடுகின்றனர். அதை வாங்கி மாட்டுவது பாதி வேலையே. சோதித்துப் பார்ப்பதே மறுபாதி என்பதை இங்கே விளக்க விரும்புகிறோம்.

திருட்டை மின்சாரத்தால் அறிவிக்கும் எண்ணம் புதியதன்று. அமெரிக்காவில் அகஸ்டஸ் போப் என்பவர் 1853-இல் இத்தகைய கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அவ்வுரிமையை விலைக்கு வாங்கிய எட்வின் ஹோம்ஸ், 1858-இல் பாஸ்டன் நகரில் அதைத் தொழிலாக நடத்தலானார். அந்நாளில் கதவுதோறும் சன்னல்தோறும் கம்பி இழுக்க வேண்டியிருந்தது. இன்று அக்கம்பியின் வேலையை வானொலி அலைகள் செய்கின்றன. குறைந்த ஆற்றலுள்ள கருவிகள் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளை உரிமமின்றியே பயன்படுத்த நம் நாட்டில் 2005-இல் அனுமதி அளிக்கப்பட்டது. சுவரைத் துளைக்க வேண்டாத காரணத்தால், வாடகை வீட்டினருக்கும் இக்கருவி ஏற்றது.

இதன் உறுப்புகள் மூன்று. முதலாவது, கதவுச் சென்சார். கதவில் ஒரு காந்தமும், நிலையில் ஒரு சிறு பெட்டியும் பொருத்தப்படும். பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய உலோக நாக்குகள் காந்தம் அருகிலிருக்கும்வரை ஒரு நிலையில் இருக்கும். கதவு திறந்து காந்தம் விலகியதும் நிலை மாறும். உடனே செய்தி புறப்படும். இரண்டாவது, நடமாட்டச் சென்சார். மனித உடலின் வெப்பம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வெளிப்படுகிறது. அவ்வெப்பம் அறையில் இடம் பெயர்வதை இது உணரும். மூன்றாவது, இவற்றின் செய்தியைப் பெற்றுச் சங்கை ஒலிக்கச் செய்து, நம் கைபேசிக்கும் தகவல் அனுப்பும் தலைமைப் பெட்டி.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. தலைமைப் பெட்டியை வாசலுக்கு எதிரே வைத்தால், திருடன் கண்ணில் முதலில் படுவது அதுவே. இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்தால் அலைகள் தடைப்படும். வீட்டின் நடுவில், எளிதில் எட்டாத இடத்தில் வைப்பது நலம். காந்தத்துக்கும் பெட்டிக்கும் இடைவெளி ஒரு விரற்கடைக்கு மேற்படலாகாது. கதவு இரும்பாயின் காந்தத்தின் விசை குறையும். ஆதலால் இடையில் ஒரு பிளாஸ்டிக் துண்டை வைக்க வேண்டும். நடமாட்டச் சென்சாரைச் சுமார் 2 மீட்டர் உயரத்தில், அறையின் மூலையில் பொருத்தலாம். தன்னை நோக்கி நேரே வருபவரைக் காட்டிலும், குறுக்கே நடப்பவரையே அது விரைவில் உணரும். வெயில் படும் சன்னலையும் அடுப்பையும் பூசையறை விளக்கையும் நோக்கி அதைத் திருப்புதல் கூடாது. வீட்டில் பூனை இருந்தால் அதன் நடமாட்டத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பொய்யாகப் பலமுறை ஒலிக்கும் சங்கு, ‘புலி வருகிறது’ என்று கூவிய சிறுவனின் கதையாகவே முடியும்.

இனிச் சோதனை. அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் பகலில் தொடங்குவோம். அலாரத்தைக் காவல் நிலையில் வைத்து, ஒவ்வொரு கதவையும் தனித்தனியே திறந்து பார்க்க வேண்டும். ஒரு கதவுக்கு ஒலித்தது என்பதால் எல்லாக் கதவுக்கும் ஒலிக்கும் என்று கொள்ளலாகாது. மழைக்காலத்தில் மரக்கதவு உப்பி இடைவெளி மாறுவதுண்டு. மழை ஓய்ந்தபின் மீண்டும் சோதிப்பது அவசியம். நடமாட்டச் சென்சார்கள் பல, ஒருமுறை உணர்ந்தபின் மின்கலத்தைச் சேமிக்கச் சில நிமிடங்கள் ஓய்ந்திருக்கும். ஆகவே அதைச் சோதனை நிலைக்கு மாற்றியபின், அறையின் மூலைமுடுக்கெல்லாம் நடந்து பார்க்க வேண்டும்.

அடுத்து, வீட்டின் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு இவை யாவற்றையும் மீண்டும் செய்து பார்ப்போம். மின்சாரம் நின்றவுடன் ஊமையாகும் அலாரத்தால் பயனில்லை. இணையத்தை நம்பியிருக்கும் பெட்டியாயின், வீட்டு வைஃபையும் அப்போது அணைந்துவிடும் என்பதை மறத்தலாகாது. சிம் அட்டையுள்ள பெட்டிக்கு வேறொரு கவலை உண்டு. அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் காலம் முடிந்திருந்தால், சங்கு முழங்கினாலும் செய்தி நம்மை வந்தடையாது. சென்சார்கள் அவ்வப்போது ‘இருக்கிறேன்’ என்று தலைமைப் பெட்டிக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு உள்ள கருவியையே தேர்ந்தெடுப்பது நன்று. மின்கலம் தீர்ந்ததும் அலை தடைப்பட்டதும் அதனால் வெளிப்படும். கருவியோடு வரும் கடவுச்சொல்லை மாற்றிவிடுதலும் வேண்டும்.

இவையனைத்தும் தேறினாலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. நாம் மதுரையில் இருக்கும்போது, பெங்களூரில் ஒலிக்கும் சங்குக்கு யார் எழுந்து வருவார்? அலாரம் திருடனைப் பிடிப்பதில்லை. ஒருவரை அழைக்க மட்டுமே செய்கிறது. எனவே, அடுத்த வீட்டாரின் எண் நம்மிடமும், நம் எண் அவரிடமும் இருத்தல் வேண்டும். ஒலி கேட்டால் தனியே உள்ளே நுழையாமல் 112-ஐ அழைக்குமாறு அவரை வேண்டிக்கொள்ள வேண்டும். நம் கன்னடம் கொச்சையாயினும் பாதகமில்லை. திருடனுக்கு அம்மொழியில் ‘கள்ள’ என்றே பெயர். நம் ‘கள்வ’னுக்கு அது உறவு. சிறுகச் சிறுகச் சேர்த்த நகையையும் வீட்டுப் பத்திரங்களையும் வங்கி லாக்கரில் வைத்துச் செல்வது இன்னும் நலம்.

இச்சோதனையைப் புறப்படும் நாளன்று அவசரமாகச் செய்வதில் பயனில்லை. பயணச்சீட்டு எடுக்கும் நாளிலேயே செய்துவிட்டால், தீர்ந்த மின்கலத்தை மாற்றவும், பக்கத்து வீட்டாரிடம் இரண்டு வார்த்தை பேசவும் நேரம் இருக்கும்.